மாடி வீட்டு நாற்காலி

இன்று காலை ஏழு மணிக்கு மாடியில் நாற்காலி இழுபடவில்லை.

முடிச்சூரில் கீழ் வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். மேல் வீட்டில் சாமுவேல் அண்ணன் தனியாக இருக்கிறார். தினமும் அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் இஞ்சி டீ போடுவேன்.

எட்டு மணி ஆயிற்று. சத்தம் இல்லை. போன மாதம் குளியலறையில் மயங்கி விழுந்தவர் அவர்.

முழங்கால் வலியோடு மாடி ஏறினேன். கதவைத் தட்டினேன்.

"அண்ணே! அண்ணே!"

பதில் இல்லை. வீட்டுக்கார அம்மாவைக் கூவி அழைத்தேன். வீட்டுக்கார அம்மா மாற்றுச் சாவியோடு ஓடி வந்து, "ஒண்ணும் ஆயிருக்கக் கூடாது சாமி" என்று சொல்லிக்கொண்டே திறந்தார்.

அண்ணன் ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காது மிஷின் மேசையில் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னாப்பா, ரெய்டா?"

"நாற்காலி சத்தம் ஏன் வரலை?"

"நேத்து பொண்ணு வந்து நாற்காலி காலுக்கெல்லாம் ரப்பர் மாட்டிட்டுப் போச்சு. கீழ இருக்கிற உனக்குத் தொந்தரவாம். அது கெடக்கட்டும், உன் டீ வாசனை ஏன் இன்னும் வரலை? நானும் பயந்துகினுதான் இருந்தேன்."

நான்கு ரப்பரையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

மாடி வீட்டுச் சத்தத்தைப் பற்றிப் புகார் உள்ளவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். இந்த வருடம்தான் முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றேன், மெதுவாகத்தான் படிப்பேன். ஆனால் ஒருவரையும் விடாமல் சண்டைக்கு வருவேன்.