நூரின் அம்மா சகீனா

காசிமின் கார்டு என் கைக்கு வந்தபோது சகீனாவை அடக்கம் செய்து நான்கு நாளாகியிருந்தது. "சகீனா மௌத். மார்பில் கட்டி. நூர் சுகம்." அவ்வளவுதான். கோவளத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அவள் புருஷனுக்கு அதற்கு மேல் எழுத வராது. நான் டூட்டியில் இருந்தேன். கார்டை மடித்து வைத்துவிட்டு மூன்று குழந்தைகளுக்குப் பால் புகட்டினேன்.

செங்கல்பட்டில் எங்கள் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவளை, அங்கே கூட வேலை பார்த்த உங்களில் பலருக்குத் தெரியும். அவள் வாய்க்குப் பயந்து டாக்டர்கள்கூடச் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார்கள். மூன்று பிள்ளைகளைப் பெற்று, மூன்றையும் ஒரு வயதுக்குள் புதைத்தவள். அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. நூரைப் பற்றி நீங்கள் அறிந்தது பாதிதான். மீதியை நான்தான் சொல்ல வேண்டும்.

எழுபத்திரண்டாம் வருட மழைக்காலத்தில் மாமல்லபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஏழாம் மாதம். குழந்தை பிறந்தது, தாய் போய்விட்டாள். குழந்தையை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் புருஷன் எட்டிப் பார்த்தான்.

"எலிக்குஞ்சு கணக்கா கீது. இது எங்க பொழைக்கப் போவுது?"

மனைவியின் உடலை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை.

"அப்போ எனக்குக் குடுத்துடுங்க சிஸ்டர்" என்றாள் சகீனா, தரையைத் துடைத்துக்கொண்டே.

மூக்கில் விட்ட குழாய் வழியாக நான் பால் இறக்குவேன். அவள் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்பாள். குழந்தை அடிக்கடி மூச்சை மறந்துவிடும்; உள்ளங்காலைச் சுண்டினால்தான் மறுபடி இழுக்கும். நிறம் திரும்பியதும் ஆக்ஸிஜனைக் குறைத்துவிட வேண்டும், அதிகமானால் கண்ணைக் கெடுக்கும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். குறைத்தேன். "நீலமா போவுது சிஸ்டர், தொறங்க சிஸ்டர்" என்று சகீனா என் கையைப் பிடித்தாள். திறந்தேன். மறுநாளும் அப்படியே. ஐந்து வாரம் அப்படித்தான் நடந்தது. கண்ணைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு செத்த குழந்தையை அவள் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் நிஜம்.

குழந்தை பிழைத்தது. நூர் என்று பெயர் வைத்தாள். வெளிச்சம் என்று அர்த்தமாம். அவள் குழந்தையோடு கோவளம் புறப்பட்ட அன்று வார்டே வாசலுக்கு வந்து நின்றது.

ஆறாம் மாதத்திலும் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. சென்னையில் ஒரு கண் மருத்துவரிடம் கொண்டுபோனாள். ஆக்ஸிஜன் எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று அவர் கேட்டாராம். அங்கிருந்து நேராக வார்டுக்கு வந்தாள்.

"ரெண்டு கண்ணும் தெரியாதாம். காத்து ஜாஸ்தியா போயிடுச்சாம். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?"

தெரியும் என்றேன். அழுதேன்.

"அழுவாதீங்க. நீங்க அழுதா நான் தேத்தணும். எனக்கு வேல கீது."

முஸ்லிம்களுக்குச் சட்டத்தில் தத்து கிடையாது, காப்பாளர் என்று வேண்டுமானால் மனுப் போடலாம் என்று வக்கீல் சொல்லி, அந்த மனு அப்போது கோர்ட்டில் கிடந்தது. உத்தரவு வருவதற்குள் குழந்தையை ஹோமில் விட்டுவிடலாமே என்று ஆபீஸில் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். "கண்ணு இருந்தா என் பொண்ணு, இல்லாங்காட்டி சர்க்கார் பொண்ணா?" என்று அவள் போட்ட சத்தம் மாடி வரை கேட்டது. பெயரையாவது மாற்று என்ற உறவுக்காரிகளுக்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அதன்பின் ஆறு வருடம் என்னோடு வேலை பார்த்தாள். காசிம் கடையிலேயே குழந்தையை வைத்துப் பார்த்துக்கொண்டார். என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டாள். வார்டு விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. மார்பில் கட்டி வந்ததை யாரிடமும் காட்டவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் நூரை யார் பார்ப்பது என்றாளாம். தினமும் பத்தடி தூரத்தில் நான் நின்றிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவளம் போனேன். நூருக்கு ஏழு வயது. என் குரல் கேட்டதும் பக்கத்தில் வந்து விரல்களால் என் முகத்தைத் தடவினாள்.

"யாரு வாப்பா இவங்க?"

"ஆஸ்பத்திரி சிஸ்டர்மா. உன்ன பொழைக்க வெச்சவங்க" என்றார் காசிம்.

"அப்போ அம்மாவையும் பொழைக்க வெப்பாங்களா?"

காசிம் அவளை உள்ளே அனுப்பினார். குழந்தையை என்னிடம் விடுங்கள், நான் வளர்க்கிறேன் என்று கேட்டேன்.

"அவ சொல்ட்டுப் போய்ட்டா சிஸ்டர். யார்கிட்ட வோணா வுடு, சிஸ்டர்கிட்ட மட்டும் வோணாம்னு."

அவளுடைய துணிச்சலையும் வாயையும் நீங்கள் ஆளுக்குக் கொஞ்சம் நினைவில் வைத்திருப்பீர்கள். எனக்கென்று அவள் விட்டுப்போனது இந்த ஒரு மறுப்புதான். அது நியாயமானது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.