போர்டை மூடிய வேட்டி

மாமி வீட்டு மோர் அண்டாவை மூடியிருக்கும் அந்தப் பழைய வேட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதன் ஓரத்தில் ஆணி கிழித்த ஓட்டை இன்னும் இருக்கிறது. மாமி அதைத் தைக்கவும் மாட்டாள், தூக்கிப் போடவும் மாட்டாள்.

என் சின்ன மாமா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஷிப்டு மாறி மாறி உடம்பு கெட்டுப்போனது. "இனிமே எவன்கிட்டயும் லீவு கேட்டு நிக்க மாட்டேம்மா" என்று சொல்லி வேலையை விட்டார். கையில் கிடைத்ததை எல்லாம் ஒரு டீக்கடைக் கம்பெனியின் ஃபிரான்சைஸில் போட்டார். சின்ன காஞ்சிபுரத்தில், கருட சேவை போகிற தெருவில் அவர் வீடு. அதன் முன்கூடம் கடையாயிற்று. ஆங்கிலத்தில் இருந்த ஒப்பந்தத்தை நான்தான் தமிழில் சொன்னேன். சுவருக்கு அவர்கள் சொன்ன நிறம்தான் அடிக்க வேண்டும், தூளும் கப்பும் அவர்களிடமே வாங்க வேண்டும், கம்பெனிப் போர்டுக்குக் கீழே வேறெதுவும் விற்கவோ கொடுக்கவோ கூடாது. நம் காசைப் போட்டு நம் வீட்டில் ஒரு வடை வைக்க முடியாதா என்று நான் கத்தினேன். "பேரு அவங்களுது. அப்படித்தாம்மா இருக்கும்" என்றார்.

சென்னையில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். முதல் நாள் எதிர்வீட்டுத் தறிக்காரர் உள்ளே வந்ததும் மாமா, தலையில் சிவப்புத் தொப்பியோடு, "வெல்கம் சார்" என்றாரே பார்க்கலாம்! "இன்னா சாரு? நேத்துவரைக்கும் டேய்னுதான கூப்டுக்கினு இருந்த?" என்று டீ குடிக்கும்போதும் நினைத்து நினைத்துச் சிரித்ததில் அவர் சட்டையெல்லாம் டீ. ஆனால் கடை ஓடியது. மாமா முகத்திலும் கொஞ்சம் சதை பிடித்தது.

வைகாசி வந்தது. கருட சேவையன்று வாசலில் நீர்மோர் கொடுப்பது மாமாவின் அப்பா காலத்து வழக்கம். மாமா கம்பெனியிடம் கேட்டார். மோர் கூடாது, எங்கள் லெமன் ஜூஸை வேண்டுமானால் விலை குறைத்து விற்கலாம், அன்றைக்குக் கடை கட்டாயம் திறந்திருக்க வேண்டும் என்றார்கள்.

"ஒரு வருஷம் வேணாங்க. கடை போயிட்டா இன்னா பண்றது? பெருமாள் கோச்சிக்க மாட்டாரு" என்று மாமி கெஞ்சினாள்.

"சேவிக்க வர்றவங்க தாகத்துக்குக் காசு வாங்கச் சொல்றியா?"

அவர் கண்டுபிடித்த வழி இருக்கிறதே! ஷட்டரை இறக்கினார். தன் வேட்டியொன்றை எடுத்துப் போர்டின்மேல் ஆணியடித்தார். "போர்டை மூடியாச்சு. இப்ப இது கடை இல்ல, என் வீடு" என்றார். கிரகணத்துக்குக் கோயில் நடை சாத்துவதுபோல, முடிந்ததும் திறந்துகொள்ளலாம் என்று நிஜமாகவே நம்பினார். அவர் சொன்ன தோரணையில் நானும் நம்பிவிட்டேன்.

வியாபாரம் எப்படி என்று பார்க்க வந்த ஏரியா மேனேஜர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மாமா அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். குடித்துவிட்டு, "சூப்பரா இருக்குது சார்" என்றார். வேட்டி மூடிய போர்டைப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். அந்த டம்ளரைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்குக் கை பரபரக்கும்.

சில நாளில் கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்து, போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சண்டை போடுங்கள் என்றேன். "கையெழுத்துப் போட்டவன் நான்தானேம்மா" என்றார். இப்போது மறுபடி ஸ்ரீபெரும்புதூர். அதே ஷிப்டு, ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி.

இந்த வருஷம் கருட சேவைக்கு அவருக்கு லீவு தரவில்லை. மாமியும் நானும்தான் மோர் கரைத்தோம். பெருமாள் குடையோடு தெருமுனை திரும்பும்போது போன் வந்தது. பின்னால் மெஷின் இரைச்சல்.

"கொடை தெரியுதாம்மா?"

"தெரியுது மாமா."

"எல்லாருக்கும் மோர் குடுத்தியா?"

"குடுத்துக்கினுதான் இருக்கேன்."

"போனைக் கொஞ்சம் மேல தூக்கிப் புடிம்மா, சத்தமாவது கேக்கறேன்" என்றார். வேட்டியை இழுத்து அண்டாவை மூடிவிட்டு, போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.