செம்பின் மேல் காயும் தொப்பி

கவிழ்த்து வைத்த செம்பின் மேல் என் மகளின் தொப்பி காய்ந்துகொண்டிருக்கிறது. கேடட் படையில் சேரும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தருகிற கம்பளித் தொப்பி புதிதில் தோசைபோலப் பரந்து கிடக்கும், தலையில் நிற்காது. வெந்நீரில் முக்கி, செம்பின் மேல் கவிழ்த்து, வலப்பக்கமாக இழுத்துவிட்டுக் காயவைத்தால்தான் வடிவத்துக்கு வரும். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இதைச் செய்துகொடுப்பது ராத்தாதான். எப்படி அவளால் இன்னும் இந்தத் தொப்பிகளைத் தொட முடிகிறது என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

ராத்தா என் உடன்பிறந்த அக்கா அல்ல. இரண்டு வீடு தள்ளி இருந்தவள், பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே. எங்களைப் போலவே வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். அணிவகுப்பில் மட்டும் இந்தி. அவள் "சாவ்தான்" என்று குரல் கொடுத்தால் மதில்மேல் இருக்கும் காக்கைகூட விறைப்பாக நிற்கும் என்று கேலி செய்வோம். அந்த ஜூனில் அவளைப் படைத் தலைவியாக்கினார்கள். அவள் தங்கை என் வகுப்புத் தோழி. நாங்கள் இருவரும் புதிதாகச் சேர்ந்தோம். மழையில் மைதானம் குளமாகிவிட, வராந்தாவில் தடதடவென்று கால் உதைத்துப் பழகினோம். பெரியவளாகிப் போலீஸில் சேர வேண்டும் என்பது ராத்தாவின் ஆசை. அது நடக்கும் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகமே இல்லை.

டிரில் சார் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. வரிசையில் பக்கத்தில் நிற்பவள் விழுந்தால் குனியக் கூடாது, திரும்பக் கூடாது, கண் முன்னால்தான் இருக்க வேண்டும். தூக்குவதற்கென்று வெளியே இருவர் நிற்பார்கள். அது அவர்கள் பாடு. காலையில் வெறும் சாயாவைக் குடித்துவிட்டு ஓடிவருகிற பிள்ளைகள் அடிக்கடி பொத்தென்று விழுவார்கள். பாதாம் மரத்தடியில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தால் எழுந்து அசட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். ஆகவே விழுவது எங்களுக்கு ஒரு வேடிக்கை.

சுதந்திர தினத்தை ஒட்டித் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. சில நாள் கொதித்துவிட்டு, கொடியேற்றத்துக்கு முந்தின நாள்தான் இறங்கியிருந்தது. காய்ச்சல் இறங்கும்போதுதான் டெங்கு ஆளைச் சாய்க்கும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று யார் கண்டார்கள்? போக வேண்டாம் என்றார் அவர்கள் அம்மா. தங்கை தொப்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பனி விட்டுப்போச்சும்மா, காய்ச்சலே இல்ல. அவள நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி ராத்தா கூட்டிவந்தாள்.

மழை ஓய்ந்து சுள்ளென்று வெயில் அடித்த காலை அது. தங்கை எனக்கு முன் வரிசையில் நின்றாள். கொடி ஏறியது. விருந்தினருக்கு வணக்கம் வைக்க ராத்தா ஆணை கொடுக்கும் முன் தங்கை சரிந்தாள். ராத்தா எங்களை நோக்கித்தான் நின்றிருந்தாள். பார்த்தாள். பிறகு ஆணை கொடுத்தாள், திரும்பினாள், வணக்கம் வைத்தாள். குரல் நடுங்கவே இல்லை. தங்கையை மரத்தடிக்குத் தூக்கிப்போனார்கள். சொந்தத் தங்கை விழுந்தும் அசையாத பெண் என்று விருந்தினர் மைக்கில் பாராட்ட, நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். பேச்சு முடிந்து கலைந்த பிறகுதான், தண்ணீர் தெளித்தும் அவள் எழுந்து சிரிக்கவில்லை என்பது உறைத்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மறுநாள் உடலாகத்தான் வீட்டுக்கு வந்தாள்.

படை நிற்கவில்லை. ஓண விடுமுறை முகாம் நடந்தது, ஜனவரியில் மறுபடி கொடி ஏறியது. வீட்டில் இருக்க முடியாமலோ என்னவோ, ராத்தா எல்லாவற்றுக்கும் வந்தாள். மார்ச் ஆண்டுவிழாவில் சிறந்த கேடட் கோப்பையை அவளுக்குக் கொடுத்தார்கள், அந்த ஆகஸ்ட் காலையின் கட்டுப்பாட்டுக்காக. நல்ல மனிதர்கள்தான், ஆறுதல் என்று நினைத்துக் கொடுத்தார்கள். அவளோடு நானும் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கோப்பையைப் பார்த்து அவர்கள் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பாத்துக்கறேன்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனே?"

போலீஸ் பேச்சை ராத்தா அதன்பின் எடுக்கவில்லை. தோப்பும்படியில் ஒரு துணிக்கடையில் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். அம்மாவும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியும் கூடவே இருக்கிறது. காலம் ஆற்றும் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சற்றுமுன் தொப்பியைச் செம்பில் கவிழ்த்துவிட்டு, ராத்தா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துல யாராச்சும் விழுந்தா திரும்பிப் பாக்கணும் மோளே. என்ன?"

மகள் சிரித்தாள். "திரும்பினா மார்க் போயிரும் பெரியம்மா. சார் சொல்லியிருக்கார்."

ராத்தா தொப்பியின் மடிப்பை மறுபடி இழுத்துவிட்டாள். ஈரம் அவள் விரல் வழியே சொட்டியது. மகள் அதற்குள் வாசலுக்குப் போய் விறைப்பாக நின்று பழகத் தொடங்கிவிட்டாள். நான் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.