தலைகீழ் ஊமத்தை

வேலப்பன்சாவடி பக்கம் நெடுஞ்சாலையோர நர்சரி ஒன்றில்தான் அதைப் பார்த்தேன். நீளக் குழல் போன்ற பூக்கள் தலைகீழாகத் தொங்கும் படம் ஒன்றைத் தொட்டியில் குத்தி வைத்திருந்தார்கள். படம் பெரிதாக இருந்தது. செடி என்று பார்த்தால் நாலு இலை.

"குட்ட ரகம் சார். ஊட்டில வளர்றது ஆளு ஒசரத்துக்கு மேல போவும். இது இடுப்பத் தாண்டாது. வெயிலும் தாங்கும்," என்றார் கடைக்காரர். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க தாங்குவீங்களானுதான் தெர்ல," என்றார்.

குட்டை, வெயில் தாங்கும் என்ற இரண்டு தகுதிகளில் முதலாவது எனக்கும் உண்டு. அந்த இனப்பாசத்தில் வாங்கிவிட்டேன்.

கொரட்டூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, காலை வெயில் மட்டும் விழும் இடம் ஒன்று உண்டு. கறிவேப்பிலை வைக்கலாம் என்று மனைவி குறித்து வைத்திருந்த இடம். அங்கே கொண்டுபோய் இதை வைத்தேன். அக்னி நட்சத்திரத்தில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும், மதியமானால் இலைகள் துவைத்துப் போட்ட கைக்குட்டை மாதிரி தொங்கின. அலுவலக வேலை வீட்டிலிருந்துதான் என்பதால், மடிக்கணினியை மூடிவிட்டு ஓடிப்போய்க் குடை பிடிப்பேன். வெயில் தாங்கும் செடிக்குக் குடை பிடித்த ஒரே ஆள் இந்தப் பக்கத்தில் நானாகத்தான் இருக்கும். தண்டு கவட்டை போல இரண்டாகப் பிரிந்த பிறகுதான் மொட்டு வரும் என்று எங்கோ படித்திருந்தேன். காலையில் பல் துலக்கிக்கொண்டே, குனிந்து கவட்டையைத் தேடுவேன்.

தரைத்தளத்து அக்கா, பிறந்ததிலிருந்து இதே தெருவில் இருப்பவர், துணி காயப்போட வந்தபோது என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டார்.

"இன்னா தம்பி தேடிகினு கீற?"

"செடி பாக்குறேங்க்கா. ப்ரக்மான்சியா."

"பிரம்மாஞ்சியா? பிரம்மாவுக்குக் கோயிலே கெடையாதேப்பா. பூ வெச்சி யாருக்குப் போடப் போற?" இலையைக் கிள்ளாமல் உற்றுப் பார்த்தார். "இது ஊமத்த. சிவனோடது."

இது ஊமத்தைக்குச் சொந்தம்தான், ஆனால் ஊமத்தை மேலே பார்க்கும், இது கீழே பார்க்கும் என்று விளக்கினேன். "எங்க பாத்தா இன்னா, சாமிக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்தச் சொந்தத்தின் குணம் எனக்கும் சீக்கிரமே தெரிந்தது. ஒருநாள் பழுத்த இலைகளைக் கிள்ளிவிட்டு, கை கழுவாமல் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். அரை மணியில் வலது கண்ணின் பாப்பா கறுப்புத் திராட்சை அளவுக்கு விரிந்துவிட்டது. இடது கண் ஒழுங்காக இருந்தது. வீடியோ கூட்டத்தில் மேலாளர் பேச்சை நிறுத்திவிட்டு, "ஆர் யூ ஓகே?" என்றார். மனைவி இழுத்துக்கொண்டுபோன கண் மருத்துவர், "சொட்டு மருந்து ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டார். "செடி போட்டேன்," என்றேன். செடியிலும் பூவிலும் விதையிலும் விஷம், தொட்டால் கை கழுவுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "மழைக்காலத்துக்குள்ள பூத்தா இருக்கட்டும். பூக்கலன்னா நர்சரிக்கே திரும்பப் போகுது. அந்த எடம் கறிவேப்பிலைக்கு."

அப்புறம் மொட்டு வந்தது. வந்தது, உதிர்ந்தது. வெக்கை தாங்காமல் ஒவ்வொன்றாக விழ, கடைசியில் ஒன்று மட்டும் நின்றது. வெண்டைக்காய் அளவில் இருந்தது, முருங்கைக்காய் போல நீண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நுனி லேசாக அவிழ்ந்திருந்தது. சாயங்காலம் விரிந்து மணக்கும். மனைவிக்குப் படம் அனுப்பியிருக்கலாம். நான் அப்படிச் செய்வேனா? நேரில் கொண்டுபோய் நிறுத்தி அசத்த வேண்டாமா? "சாயங்காலம் சீக்கிரம் வா, ஒரு விஷயம் இருக்கு," என்று மட்டும் போனில் சொன்னேன்.

"இன்னொரு கண்ணும் போச்சா?" என்றாள்.

நாலு மணிக் கூட்டத்தில் நான் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தபோது, அக்கா வாசலில் வந்து நின்று ஏதோ கேட்டார். வாயசைவு மட்டும் தெரிந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறினார்.

கூட்டம் முடிந்து மாடிக்குப் போனால், செடியில் காம்பு மட்டும் இருந்தது. அன்றைக்குப் பிரதோஷம்.

மனைவிக்குப் போன் செய்து, ஸ்டேஷனிலிருந்து நேராகச் சிவன் கோயிலுக்கு வரச் சொல்லிவிட்டு ஓடினேன். அங்கே நல்ல கூட்டம். லிங்கத்தின் உச்சியிலிருந்து என் பூ வெளிர்மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளதைச் சொன்னால், என் மாடியில் அது இவ்வளவு அழகாக இல்லை. தீபாராதனை முடிந்ததும் குருக்கள் அதை எடுத்து, கொண்டுவந்தவருக்கே மரியாதையாக அக்காவிடம் நீட்டினார். அக்கா அதைக் கொண்டையில் செருகப் போனார்.

"சாமி, அது விஷம்," என்று கத்திவிட்டேன்.

குருக்கள் என்னை நிதானமாகப் பார்த்தார். "யாருக்கு விஷம்ங்கறேள்? அவர் ஏற்கெனவே குடிச்சுட்டுத்தானே உக்காந்திருக்கார்."

கூட்டம் சிரித்தது.

"அவருக்கில்ல சாமி, அக்காவுக்கு. கண்ணுல பட்டா..." என்று நான் தடுமாற, பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அவர் சொல்றது நிஜம்தாங்க. ரெண்டு நாள் ஒத்தைக் கண் ஆந்தை மாதிரி வீட்டுக்குள்ள சுத்திக்கிட்டிருந்தார்."

என் அலறலை நம்பாத கூட்டம் ஆந்தையை உடனே நம்பியது. குருக்கள் பூவை வாங்கி லிங்கத்தின் மேலேயே திரும்ப வைத்துவிட்டுக் கை கழுவினார். அக்காவும் குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

"இதானா அது?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இதான்."

"நல்லாத்தான் இருக்கு. சரி, இருந்துட்டுப் போகட்டும். கறிவேப்பிலைக்கு வேற எடம் பாக்கலாம். ஆனா நீங்க கையுறை இல்லாம அதுகிட்ட போகக் கூடாது."

நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வெளியே செருப்பு மாட்டும்போது, பக்கத்தில் நின்ற அம்மாளிடம் அக்கா என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊட்டு மாடிலதான் கீது அந்தச் செடி. தண்ணி ஊத்தத்தான் இந்த தம்பிய வெச்சிகினு கீறோம்."