ஒரு கட்டை கீழே

போன வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மேடையேற வேண்டிய நாளன்று காலையில் என் யுகுலேலேக்குப் புதுத் தந்தி மாட்டினேன்.

யுகுலேலே வாசிப்பவர்கள் இந்நேரம் தலையில் கைவைத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு... அது கிட்டாரின் கைக்குழந்தை போல ஒரு வாத்தியம். நான்கே நைலோன் தந்திகள். புது நைலோன் நாள்கணக்கில் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சுருதி சேர்த்துவிட்டு நிமிர்வதற்குள் தொய்ந்துவிடும். இது எனக்குத் தெரியாதா? படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் சமயத்துக்கு ஞாபகம் வந்தால் நான் ஏன் பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்?

நான் மட்டும் வாசிப்பதென்றால் பரவாயில்லை. பாட இருந்தது என் மனைவி.

அவள் உக்குவளையில் டீச்சர். பள்ளிக்கூடத்தில் எந்த விழா என்றாலும் அவள் பாட்டு உண்டு. போன வருடம் தொண்டையில் தைரொய்ட் ஒப்பரேஷன். உடம்பு தேறிவிட்டது. பேசலாம், என்னைத் திட்டலாம் – பாட்டில் மேலே ஏறினால் மட்டும் குரல் உடையும். சமையலறையில் முணுமுணுப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அவளுடைய சிநேகிதி சரீனா டீச்சருக்கு பென்ஷன் வந்தது.

"பிரியாவிடைக்கு நீங்க பாடணும். பாடலன்னா நான் ஸ்கூல விட்டே போக மாட்டேன், பிரின்சிபல்தான் பாவம்" என்று மிரட்டினார் சரீனா.

அவளால் மறுக்க முடியவில்லை. "கீபோர்ட் வேணாங்க, சத்தமா இருக்கும். நீங்க அந்தக் குட்டிய வாசிங்க" என்றாள் என்னிடம்.

ஒத்திகை பார்த்தோம். சரணத்தில் ஓரிடம் உயரே போகும். ஒவ்வொரு தடவையும் சரியாக அங்கேயே உடைந்தது.

"அங்கயும் இப்படி ஆச்சுன்னா இதோட விட்டுருவேங்க. இனிமே பாட்டு கிடையாது."

விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் என்ன செய்தேன்? ஓசை மங்கல், தந்தி பழசு என்று கண்டுபிடித்தேன். காலையில் புதுத் தந்தி மாட்டியது அதனால்தான்.

மண்டபத்தில், போனில் சுருதி காட்டும் டியூனரைப் பார்த்துப் பார்த்து முறுக்குகிறேன். நான்காவது தந்தி சேர்வதற்குள் முதலாவது இறங்கிவிடுகிறது. மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ஆச்சாங்க?"

"ஆச்சு, ஆச்சு."

ஆகவில்லை. வேறு வழியின்றி, மிகவும் தொய்ந்திருந்த தந்திக்கு ஏற்ப மற்ற மூன்றையும் இறக்கினேன். ஏறத்தாழ ஒரு கட்டை கீழே.

அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு அவள் பாடினாள். பல்லவி தாண்டியது. சரணம் வந்தது. அந்த இடம் நெருங்க நெருங்க நான் அவளைப் பார்க்கவில்லை, என் விரல்களையே பார்த்தேன்.

உடையவில்லை.

ஏறியது. ஏறி அங்கேயே நின்றது. பழைய குரல் இல்லை இது – கொஞ்சம் கனத்த, கரகரப்போடு கூடிய, நான் இதுவரை கேட்டிராத குரல். பின்வரிசையில் தின்பதற்கு ரோல்ஸ் பொட்டலத்தைப் பிரித்த கைகள்கூட அப்படியே நின்றன. இத்தனை வருடம் கூடவே இருந்த ஒருத்தியிடமிருந்து புதிதாக ஒரு குரல் வருமா? வந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போய், தந்திகளைச் சேர்த்து மீட்டும் கோர்ட் ஒன்று தவறிவிட்டது.

பிறகுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்தவை மூன்றே கோர்ட்ஸ். எந்தப் பாட்டையும் அந்த மூன்றுக்குள், அந்த ஒரே சுருதியில்தான் அடைப்பேன். ஒத்திகை முழுக்க என் அறியாமையின் உயரத்துக்கு அவள் ஏறிக்கொண்டிருந்தாள் – தன் தொண்டையைக் குறைசொல்லிக்கொண்டு! அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கட்டை இறக்கம். அந்த நைலோனுக்கு இருந்த இங்கிதம் எனக்கு இல்லாமல் போயிற்றே.

தேநீர் வேளையில் சரீனா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மனைவியைக் கட்டிப்பிடித்தார். பக்கத்தில் நான், யுகுலேலேயும் கையுமாக, என் பங்குப் பாராட்டுக்குக் காத்து நின்றேன். ஒருவழியாக என் பக்கம் திரும்பினார்.

"அட சேர், நீங்களும் வாசிச்சீங்களா? டீச்சருக்கு தைரியத்துக்கு சும்மா புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன்!"