கோவிந்தப்பா ‘ம்’ கொட்டுவதில்லை

யாராவது வாயைத் திறந்தால் போதும், கோவிந்தப்பா தையல் மிஷின் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து நிறுத்திவிடுவார். மிதியிலிருந்து காலையும் எடுத்துவிடுவார். சொல்ல வந்தவர் முடிக்கும்வரை ஊசி துணியில் குத்தியபடியே நிற்கும். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்ல வந்தவருக்கும் இதே மரியாதைதான். பாதிப் பேர் கூச்சப்பட்டு, "ஒண்ணுமில்ல டெய்லரே, நீங்க தைங்க" என்று நகர்ந்துவிடுவார்கள்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் மற்ற தையல்கடைகளில் எல்லாம் ரேடியோ வந்துவிட்டது. பாட்டும் அரட்டையும் மிஷினும் ஒன்றாக ஓட, துணி மளமளவென்று தைபட்டு விழுகிறது. கோவிந்தப்பா மட்டும் வாங்கவில்லை. "ஒண்ணு கேக்கணும், இல்ல தைக்கணும். ரெண்டும் சேந்தா பேஜாரு" என்பார். தீபாவளித் துணியைப் பொங்கலுக்குக் கொடுப்பவர் என்று பெயரும் வாங்கியாகிவிட்டது. "ஊரே ம் கொட்டிக்கினு வேலை பாக்குது. இவருக்கு மட்டும் நாக்கு சுளுக்கிக்குமா?" என்று மனைவி முத்தம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு காலத்தில் அவரும் நன்றாக ம் கொட்டியவர்தான். மூத்தவள் எல்லம்மாவுக்கு ஆனேக்கல்லில் மாப்பிள்ளை பேசிய சமயம், அவள் மிஷின் பக்கத்தில் வந்து நின்று, "எனக்கு இந்த எடம் வேணாம் நைனா. சொல்லிடறியா?" என்றாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "ம்" என்றார். அப்பா பார்த்துக்கொள்வார் என்று அவள் நிம்மதியாகப் போய்விட்டாள். தாலி ஏறும்வரை நம்பிக்கொண்டிருந்தாள். மறுவீட்டுக்கு வந்தபோது தாயிடம் சொல்லி அழுத பிறகுதான் கோவிந்தப்பாவுக்கே விஷயம் தெரியும். மாப்பிள்ளை கெட்டவனில்லை. ஆனால் எல்லம்மா இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால் அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாள். அவருக்கு அது தாங்கமாட்டாத வேதனை.

இன்று ரெமிஜியஸ் பனியனோடு கடையில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு இன்று கல்யாணம். கோட்டுக்கு இன்னும் ஒரு கை வைத்தாக வேண்டும். மிஷின் என்றுமில்லாத வேகத்தில் ஓடும்போது சின்னவள் பாஞ்சாலி வாசலில் வந்து நின்றாள். சாயங்காலம் ஓசூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"நைனா, ஒண்ணு சொல்லணும். நீ தெச்சிக்கினே கேளு, போதும்."

"டெய்லரே, சர்ச்சுல மணி அடிச்சிட்டாங்க" என்றான் ரெமிஜியஸ், எழுந்தே விட்டான்.

கோவிந்தப்பா சக்கரத்தை நிறுத்தினார். இன்றைக்கு அது போதாது என்று பட்டது. குனிந்து, மிஷினின் தோல் பட்டையையே சக்கரத்திலிருந்து கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.