கையை விட்டுப் போகாத கல்

பேய், முனி, ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். நான் கணக்கு டீச்சர். சாமியாடுகிறவளுக்குக்கூட மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, ஆனால் நடந்தது நடந்ததுதான், என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். குற்றாலம் போகிற பாதையில் சற்று உள்ளே தள்ளி ஒரு கோட்டைமேடு உண்டு. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், இதில் வருகிற குடும்பத்தார் இன்னும் இருக்கிறார்கள். பாளையக்காரர் காலத்தில் கும்பினிப் படை முற்றுகை போட்டும் விழாத கோட்டை, யாரோ உள்ளேயிருந்து வடக்கு வாசலைத் திறந்துவிட்டதால் ஒரே நாளில் மண்ணாய்ப் போனதாம். அந்த இடத்தை, அதை ஒட்டியே வீடு வைத்திருந்த பண்ணையார் வேலி போட்டு, குரோட்டன்ஸ் வைத்து, சாரல் சீசனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சொல்லுவார். கைத்தடியை நீட்டி, இங்கே பீரங்கி நின்றது, இங்கே என் முப்பாட்டனார் வெட்டுப்பட்டு விழுந்தார் என்று அவர் சொல்லும்போது சில பிள்ளைகள் அழுதுவிடும்.

கடைசியாக வடக்கு வாசல். அங்கே ஒரு கல்குவியல். வாசலைத் திறந்துவிட்ட காவல்காரனைக் கல்லால் அடித்துக் கொன்று அங்கேயே புதைத்தார்கள் என்பது பண்ணையார் கதை. வருகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கல்லை எடுத்து, "துரோகி" என்று கத்தி அதன்மேல் எறிய வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். வருஷத்துக்கு வருஷம் குவியல் ஏறிக்கொண்டே போனது.

அந்த வருஷம் என் வகுப்பில் பேச்சி என்று ஒரு பெண், வண்டிக்காரர் மகள். வெயிலும் சாரலுமாக இருந்த மத்தியான நேரம், எல்லாரும் எறிந்து முடித்தார்கள், அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, கல்லை எடு," என்றார் பண்ணையார்.

"எடுக்க மாட்டேன். அங்கன கெடக்கது எங்க பூட்டன். அவரு கதவைத் தொறக்கல. அவரைக் கொன்னு போட்டுட்டுத் தொறந்தது யாருன்னு ஒங்களுக்குத் தெரியும்லா."

எங்கள் பள்ளிக்கூடக் கட்டடமே பண்ணையார் தயவில் நின்றது. "சின்னப் பிள்ள அண்ணாச்சி, விட்டுருங்க," என்று நடுவில் போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, முகமெல்லாம் சிவந்து போயிருந்தது.

"துரோகி வம்சம் பேசுத பேச்சைப் பாருங்க டீச்சர். எப்படி எறியணும்னு நான் காட்டுதேன்." எலுமிச்சங்காய் அளவு ஒரு கல்லைப் பொறுக்கினார், "துரோகி" என்று கத்திக்கொண்டு ஓங்கி வீசினார்.

கை வீசியது. கல் விழவில்லை. மூடின விரல் மூடினபடியே இருந்தது. மறுபடி வீசினார், மறுபடியும் அப்படியே. இடது கையால் விரலைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். பேச்சி சிரிக்கவில்லை.

நரம்பு இழுத்துக்கொண்டது என்றார் டாக்டர். நானும் அதைத்தான் நினைத்தேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிற ஆளைக்கூடக் கூட்டிவந்து வாரக்கணக்கில் நீவிப் பார்த்தார்கள், ஒரு விரல் அசையவில்லை. ஊர் கசமுச என்று பேச ஆரம்பித்தது.

மரியாதைக்கு ஒரு நாள் சாயங்காலம் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். முன்கட்டில் உட்கார்ந்து, மூடின கையைத் தேக்கு முக்காலியில் வைத்திருந்தார். அன்றைக்குச் செங்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்திருந்தது, பண்ணைக் கணக்குப்பிள்ளை சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை "துரோகி" என்று கத்தியது. முக்காலி கிறீச்சென்றது. அடுத்த பிள்ளை கத்தியது, மறுபடியும் கிறீச். நம்பினால் நம்புங்கள், ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அழுந்தியது, என் முன்னாலேயே முக்காலியின் கால் படாரென்று முறிந்தது, கையோடு மனிதரும் தரையில் சாய்ந்தார்.

"எல்லாக் கல்லும் எங் கைக்குள்ளதான் வந்து விழுது டீச்சர்," என்றார். அழுதார். வாசலில் பேச்சியின் அப்பா நின்றுகொண்டிருந்தார், எப்போது வந்தாரோ. "ஊர் முன்னால ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க மொதலாளி. தொறந்தது யாருன்னு சொன்னாப் போதும். எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்றார்.

பண்ணையார் சுவரில் தொங்கிய முப்பாட்டனார் வாளை ஒருமுறை பார்த்தார். "அதைச் சொல்லிட்டு அப்புறம் நான் யாரு?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளே வேலியைப் பூட்டி, யாரும் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். பிரயோசனமில்லை. இத்தனை வருஷமாக அவர் பழக்கின பழக்கம், குற்றாலத்துக்குப் போகிறவர்கள்கூட வண்டியை நிறுத்தி, வேலிக்கு வெளியே நின்று எறிந்துவிட்டுப் போனார்கள். அதில் ஒரு விஷயம், அவர் கை மூடின நாளிலிருந்து அந்தக் குவியல் ஒரு கல்கூட ஏறவில்லை. நான் நாள் தவறாமல் அந்த வழியாகப் போனவள், அடித்துச் சொல்லுவேன்.

அடுத்த சாரலுக்குள் அவர் போய்விட்டார். உயிர் போனதும் விரல்கள் தானாகப் பிரிந்தன, உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை, குழந்தை கை மாதிரி சுத்தமாக இருந்தது. ஆனால் பாடையைத் தூக்கினபோது வலது பக்கம் பிடித்தவர்கள் அப்படியே முட்டி போட்டார்கள். ஆள் மாற்றி, மறுபடி ஆள் மாற்றித்தான் தெருவைத் தாண்டினார்கள். எனக்குத் துளி இரக்கம்கூட வரவில்லை. நன்றாக வேண்டும் என்றே நினைத்தேன், என் வாயால் இதைச் சொல்லுகிறேன்.

மறு வருஷம் மெட்ராஸில் படித்த மகன் வந்து வேலியைத் திறந்தார். அதே பேச்சு, அதே கைத்தடி. எங்களையும் அழைத்திருந்தார். வடக்கு வாசலில் அவர் கல்லுக்குக் குனிந்தபோது பேச்சி முன்னால் போய், "வேண்டாம் சார், எறியாதீங்க. உண்மையைச் சொல்லிருங்க," என்றாள். நானும் சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்களுமா டீச்சர் இதையெல்லாம் நம்புதிய?" என்று கேட்டுவிட்டு, "துரோகி" என்று ஓங்கி வீசினார். கல் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை, பிள்ளைகள் கத்தின கூச்சலில் கேட்காமல் போயிருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவர்களைப் பஸ்ஸில் ஏற்றினேன்.

வழியனுப்ப வந்தவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். இடது உள்ளங்கை விரிந்து, மூடின வலது கைமேல் பதிந்திருந்தது. அவருக்கே இன்னும் அது தெரியவில்லை, சிரித்துக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கல் பொறுக்கக் குனிந்தார்கள்.

இன்றைக்கும் யாராவது என்னைக் கும்பிட்டால், நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வலது கையைத்தான் பார்க்கிறேன்.